மாமனார் வண்டிக்கு ஓர் இடம்

“கொஞ்சம் அடியில வந்து நில்லுங்க சார். நின்னு பாத்தாத்தான் நம்பிக்கை வரும்,” என்றார் லிஃப்ட் கடைக்காரர்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். ஆறடி உயரத்தில், இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே ஒரு முழுக் கார் நின்றது. அதன் சக்கரங்கள் நான்கும் அந்தரத்தில் தொங்கின.

“இங்கேருந்தே நல்லாத் தெரியுது,” என்றார்.

“இருபது வருஷமா இதுக்கு அடியிலதான் டீ குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு சொல்லுங்க?”

மாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். கடைக்காரரின் கழுத்து இடப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

“கழுத்து ஏன் அப்படி இருக்கு?”

“இதுவா? தலகாணி சரியில்ல.”

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை என்பது அவர் பெயரல்ல. கல்யாணமான புதிதில் மாமனார் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதைத் தெரு கேட்டது. பத்தொன்பது வருடமாகப் பால்காரருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வேலை இன்சூரன்ஸ் ஆபீஸில், விபத்துப் பிரிவில். எது எங்கே விழுந்தது, விழும்போது கீழே யார் நின்றார்கள் என்று காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை படிப்பதுதான் பிழைப்பு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் நடக்க மாட்டார். அப்படிப்பட்டவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில், தலைக்கு மேலே ஒரு காரை நிறுத்துவதற்கு லிஃப்ட் தேடி வந்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலிருந்து தள்ளியிருக்க வேண்டும்.

அந்தப் பயம் மாமனார்.

அவர் ஓய்வுபெற்ற டிரைவிங் டெஸ்ட் அதிகாரி. முப்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பாதி ஊரை ஃபெயில் ஆக்கியவர். கத்த மாட்டார், திட்ட மாட்டார். “பரவாயில்ல,” என்பார். அதோடு லைசென்ஸ் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஒன்பது வருடம் முன்பு மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுக்கும்போது மாமனார் காரின் கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டார். மாமனார் குனிந்து, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, “பரவாயில்ல மாப்ள,” என்றார். இன்றைக்கும் அந்த வார்த்தை எங்கே காதில் விழுந்தாலும் மாப்பிள்ளை திரும்பிப் பக்கத்துக் கார்க் கதவைப் பார்ப்பார்.

அந்த மாமனார் போன வாரம் ஆபீஸுக்கே ஃபோன் செய்தார்.

“மாப்ள, இனிமே தனியா காலம் தள்ள முடியும்னு தோணல. மாசக் கடைசில அங்க வந்துடலாமான்னு பாக்கறேன்.”

“இதக் கேக்கணுமா மாமா? வாங்க.”

“ஒரு சங்கடம். வண்டியும் கூட வரும். அது இல்லாம இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் நடக்காது. ஷெட்ல ஓரமா ஒரு எடம் பண்ண முடியுமா? வெயில்ல விட்டா சீட்டு சூடாயிடுது.”

“பண்ணிடலாம் மாமா.”

“புது வண்டி. கை இன்னும் பழகல. நேத்துகூட செவுத்துல இடிச்சிட்டேன்.” மாமனாரின் குரல் தாழ்ந்தது. “அப்புறம், வண்டி விஷயம் பொண்ணுக்குத் தெரிய வேணாம். நேர்ல வந்து நானே பக்குவமா சொல்லிக்கிறேன். இப்பவே சொன்னா பயந்துடுவா.”

மாப்பிள்ளைக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கண் ஆபரேஷனுக்குப் பிறகு, ‘அப்பா, இனிமே நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது’ என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். மனிதர் சத்தியத்தை மீறிப் புது வண்டியே வாங்கிவிட்டார். அவருக்கே கை பழகாத வண்டி, அவரையே சுவரில் இடிக்க வைத்த வண்டி என்றால் அது எவ்வளவு பெரிய வண்டியாக இருக்கும்?

ஷெட்டோ ஒரு காருக்கே இறுக்கம். தன் காரைத் தெருவில் விடலாமென்றால், குப்பை லாரி போகிற போக்கில் மூன்று வீட்டுக் கார்களின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த மூன்று ஃபைலும் அவர் மேஜையில்தான் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

“மேல எந்த வண்டி சார், கீழ எந்த வண்டி?” என்று கேட்டார் கடைக்காரர்.

இதை மாப்பிள்ளை யோசிக்கவில்லை. மாமனார் வண்டி மேலே நின்றால், அது விழும். தன்னுடையது மேலே நின்றால், மாமனார் வண்டியின் மேல் விழும். இரண்டுக்கும் மாமனார் “பரவாயில்ல” என்றுதான் சொல்லப் போகிறார்.

“எது மேல இருந்தாலும் விழக் கூடாது.”

“விழாது சார்.”

“விழவே கூடாது.”

“அப்ப இந்த ரெண்டு தூண் வேணாம், நாலு தூண் எடுத்துக்குங்க. நாலு தூணுக்கும் இரட்டைப் பூட்டு போட்டுத் தர்றேன். வண்டி எடை என்ன இருக்கும்?”

“தெரியல. பெருசு.”

“எவ்வளவு பெருசு?”

“மாமனார் வண்டி சார்.”

கடைக்காரரும் கல்யாணமானவர்தான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், கடையில் இருப்பதிலேயே பெரியதை எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து லிஃப்ட் கடை நோட்டீஸை எடுத்துவிட்டாள்.

“என்னங்க இது, லிஃப்ட்டுனு போட்டிருக்கு. நமக்கு மாடியே இல்லையே.”

“ஆளுக்கு இல்ல. காருக்கு.”

“காருக்கு மேல என்ன வேலை?”

மாப்பிள்ளை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து, மாமனார் நினைவு வந்து மூடிக்கொண்டார். “ஷெட்ல கரையான். தரையிலேருந்து கார மேல தூக்கி வெச்சிட்டா நல்லது.”

“கரையான் காரத் திங்குமா?”

“சீட்டுல பஞ்சு இருக்கே.”

இந்த மனிதர் பயப்படாத பொருள் வீட்டில் உப்பு ஜாடி ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் நம்பிவிட்டாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டு வீடு முழுக்க அடித்தாள். அலமாரிச் சாமானெல்லாம் கூடத்துக்கு வந்தது. சாப்பாட்டில் மருந்து வாடை அடித்தது.

“இந்த நாத்தத்துல அப்பா எப்படி இருப்பாரு? அடுத்த மாசம் வரச் சொல்லட்டுமா?”

“வேணாம்,” என்றார் மாப்பிள்ளை. வராதே என்று மாப்பிள்ளை சொல்லச் சொன்னதாக மாமனார் நினைத்தால் என்ன ஆவது என்று அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை.

அடுத்து வந்தவர் கொத்தனார். ஷெட் தரையைக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“தரையில சிமெண்ட் கனம் மூணு அங்குலம்தான். தூண் நின்னா கீழ போயிடும்.”

“கீழன்னா?”

“கீழதான் சார். உள்ள.”

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கூரையும் பத்தாது. மேல நிக்கிற வண்டி கூரையில இடிக்கும். கூரையத் தூக்கணும், இல்ல தரையத் தோண்டணும். எது வேணும்?”

மேலே எதைத் தூக்குவது என்றாலும் மாப்பிள்ளைக்கு ஆகாது. “தோண்டிடுங்க,” என்றார்.

மூன்றடி தோண்டியதில் வந்த மண்ணைக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. கொத்தனார் அதை வீட்டு வாசலில் கொட்டினார். ஒரு வாரத்தில் வாசலின் நான்கு படிகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. மனைவி கதவைத் திறந்து பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

“படி எங்கப்பா?”

“உள்ளதாம்மா இருக்கு, எங்கயும் போகல,” என்றார் கொத்தனார். “அள்ளிப் போட எடம் இல்ல. மேலயே சிமெண்ட் போட்டுச் சரிவா இழுத்து விட்டுடறேன். ஏறி எறங்க சுகமா இருக்கும்.”

“கரையான் ஷெட்லதானே? வாசப்படி என்ன பண்ணுச்சு?” என்று அவள் கணவனைக் கேட்டாள். மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அங்கே இருக்கும்போதுதான் மாமனாரின் அடுத்த ஃபோன் வந்தது.

“மாப்ள, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். உங்க கதவு எவ்வளவு அகலம்? வண்டி நுழையுமா?”

மாப்பிள்ளை ஷெட் கதவை ஏற்கெனவே ஏழு முறை அளந்திருந்தார். “எட்டடி மாமா.”

“எட்டடியா? அவ்வளவு பெரிய கதவா? அப்ப தாராளமாப் போகும். உள்ளயே ஒரு சுத்து சுத்தித் திரும்பி வரலாமே.”

எட்டடிக்குள் காரைத் திருப்புவதாவது. மனிதர் கிண்டல் செய்கிறார். நேரில் வருவதற்கு முன்னாலேயே ஃபெயில் ஆக்குகிறார். மாப்பிள்ளைக்குக் குளிக்காமலே உடம்பு நனைந்தது.

“போதாதா மாமா?”

“பரவாயில்ல மாப்ள, பரவாயில்ல,” என்றார் மாமனார். ஒன்றுக்கு இரண்டு.

மாமனார் வருவதற்கு முந்தின நாள் லிஃப்ட் தயாரானது. நான்கு தூண்களும் ஷெட்டின் நான்கு மூலையிலும் ஆள் மாதிரி நின்றன. மெக்கானிக் மாப்பிள்ளையின் காரைப் பலகை போட்டுப் பள்ளத்தில் இறக்கி, மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கார் டக், டக் என்று ஒவ்வொரு பூட்டாகத் தாண்டி மேலே போயிற்று. ஒவ்வொரு டக்குக்கும் மாப்பிள்ளை ஓர் அடி பின்வாங்கியதில், கார் உச்சிக்குப் போனபோது அவர் தெருவில் இருந்தார்.

“பாத்தாச்சு. இப்ப எறக்குங்க,” என்றார் அங்கிருந்தே.

மெக்கானிக் அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை. வேறு பொத்தானை அமுக்கினார். தூணைத் தட்டினார். கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, கேட்டு, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

“இரட்டைப் பூட்டு விழுந்துடுச்சு சார்,” என்றார் கடைக்காரர். “அது விழுந்தா சுலபத்துல எறங்காது. கம்பெனி ஆள் வந்துதான் எடுக்கணும். பத்து நாள் ஆகும்.”

“பத்து நாள் என் கார் அங்கயே நிக்கணுமா?”

“நீங்கதானே சார் விழவே கூடாதுன்னீங்க?”

மறுநாள் காலையிலிருந்தே மாப்பிள்ளை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஷெட்டில் அவர் கார் அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழேதான் மாமனாரின் புது வண்டி நிற்க வேண்டும். பூட்டைக் காட்டிச் சமாதானம் சொல்லலாமா, முதலிலேயே காலில் விழுந்துவிடலாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்பி, அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் மாமனார். போன வருடம் பார்த்ததற்குப் பாதியாகத் தெரிந்தார். கதவைத் திறந்த பிறகும் அவர் இறங்கவில்லை.

மாப்பிள்ளை தெருவை எட்டிப் பார்த்தார். பின்னால் பெரிய வண்டி எதுவும் வரவில்லை.

“வாங்க மாமா. வண்டி?”

“வந்திருக்கு மாப்ள,” என்றார் மாமனார். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்தார். சிமெண்ட் சரிவை மேலிருந்து கீழ்வரை, ஒரு காலத்தில் கோட்டைத் தடவிப் பார்த்த அதே நிதானத்தோடு பார்த்தார்.

“இங்க படி இருந்துச்சே?”

“இருந்துச்சு மாமா.”

“எனக்காகவா எடுத்தீங்க?”

பொய் சொல்லத் தெம்பில்லை. யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. “ஆமா மாமா.”

அடுத்து ‘பரவாயில்ல’ வரும் என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது முப்பது வருடம் பாதி ஊரை நடுங்க வைத்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் வாயத் தொறந்து கேக்கக்கூட இல்லையே மாப்ள,” என்றார்.

சத்தம் கேட்டு மனைவி சரிவில் வேகமாக இறங்கி வந்தாள். “ஏம்ப்பா உள்ளயே உக்காந்திருக்கீங்க? எறங்குங்க.”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் அதற்குள் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, ஒற்றைக் கையால் எதையோ எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் வந்தார்.

“இதான் சார் ஐயா வண்டி,” என்றார். “மாப்பிள்ளை வீட்ல இத வைக்க எடம் இருக்குமோ இருக்காதோன்னு வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தாரு. சக்கர நாற்காலிதானே ஐயா, மடிச்சா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கும்னு நான்தான் தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”