சீமை நொச்சி

துரைசாணி ஊருக்குப் புறப்பட்டுப் போன எட்டாம் நாள், பங்களா வாசலில் நின்ற சீமை நொச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

வீரய்யா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் குந்தினார். சீமை நொச்சி என்று பெயர் வைத்தது அவர் மனைவி ராக்காயிதான். இடுப்பளவு உயரம், சாம்பல் பூசினாற்போல இலை, கசக்கினால் நொச்சி வாடை. சீமையிலிருந்து கப்பலில் ஈரச்சாக்கு சுற்றிக்கொண்டு வந்த செடி. லிந்துலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நட்டு ஒரு வருஷமாகியும் பேருக்கு ஒரு பூ வைக்கவில்லை.

ஜனவரியில் துரைசாணி, பிள்ளையையும் ஆயா மீனம்மாவையும் கூட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து குடையால் இந்தச் செடியைக் காட்டினார்.

"வீரய்யா, இதிக்கி தண்ணி போடாதே. எரு போடாதே. ஒண்ணும் செய்யாதே."

தண்ணீர் ஊற்றாமல் எந்தச் செடி பிழைக்கும்? வீரய்யாவுக்குக் குழப்பமாக இருந்தது. பங்களா சமையல்காரர் ஆண்டியப்பனிடம் போய்க் கேட்டார். ஆண்டியப்பன் யோசிக்கவே இல்லை.

"நத்தார் பண்டிகைக்குக் கோழி வெட்டாதேன்னு சொன்னாங்க. நானும் வெட்டல. ஆறு தொரமாரு மேசையில உக்காந்ததுக்கப்புறம் கோழி எங்கேன்னு கேக்குறாங்க. அன்னையிலருந்து தொரசாணி தமிழைத் திருப்பிப் போட்டுத்தான் நான் எடுத்துக்கிறது."

வீரய்யாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பன்னிரண்டு வருஷம் தேயிலைமலையில் கவ்வாத்து வெட்டி, முழங்காலை அட்டைக்கும் குளிருக்கும் கொடுத்துவிட்டுப் போன வருஷம்தான் பங்களாத் தோட்டத்துக்கு வந்திருந்தார். இந்த வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மலையேற அவருக்கு மனசில்லை. காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி என்று ஊற்றத் தொடங்கினார்.

அப்படியும் செடி வாடியதும், தாகம் அடங்கவில்லை போலிருக்கிறது என்று நாலை ஆறாக்கினார். இலை மஞ்சளித்தது. பசியாக இருக்கும் என்றார் ஆண்டியப்பன். மாட்டுப்பட்டியிலிருந்து இரண்டு கூடை சாணி வந்தது. மஞ்சளித்த இலைகள் உதிர ஆரம்பித்தன.

குளிர்நாட்டுச் செடிக்கு வெயில் ஆகாது என்று அடுத்த நாள் தோன்றியது. நாலு கம்பு நட்டு, மேலே பட்டிக்காரனிடம் வாங்கிய சாக்கை விரித்து, சுற்றிலும் மூங்கில் தழை கட்டினார். அந்த இருட்டுக்குள் செடி கீரைத்தண்டு மாதிரி வெளுத்து, நீண்டு, ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. பழைய வேட்டியைக் கிழித்துத் தூக்கிக் கட்டினார். கட்டிய இடத்தில் கிளை ஒடிந்தது.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் தொழிலாளர் லயத்துப் பீலிக்குழாயிலிருந்து தனக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தராத மனிதர், ஒரு செடிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வாளி சுமப்பதை ராக்காயி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"பிள்ள பெத்தவளக்கூட யாரும் இப்படிப் பாக்கிறதில்லைங்க" என்றாள்.

இதுவரை துரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ரோஜாப் பாத்தியை நாயோடு மிதித்துக்கொண்டு போகிற ஆள். ஒரு சாயங்காலம் என்ன நினைத்தாரோ, புகைகிற சுங்கானைப் பல்லில் கடித்தபடி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்தச் செடி சாகக் கூடாது, வீரய்யா. செத்தா நீ கவ்வாத்துக்குப் போ."

அதன் பிறகு காலையும் மாலையும் வந்து பார்க்க ஆரம்பித்தார். வீரய்யாவுக்கு இரவில் தூக்கம் குறைந்தது.

பிப்ரவரியில் வறட்சி பிடித்தது. ஓடை நூலாகி, பிறகு அதுவும் நின்றது. லயத்துப் பீலியில் ஒரு குடம் நிறைய அரைமணி நேரமானது. பங்களாத் தொட்டித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் என்று துரையே உத்தரவு போட்டார். வீரய்யா சமையலறையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கெஞ்சி வாங்கி ஊற்றினார். அந்தக் கொழுப்பு வாடைக்கு மலையிலிருந்த எறும்பெல்லாம் செடியின் தூரில் குடியேறியது.

அன்றோடு கைவிட்டார். பட்டிக்காரன் வந்து தன் சாக்கைக் கேட்டான். பந்தலைப் பிரித்துக் கொடுத்தார். காய்ந்த சாணி வேரைச் சுடுமே என்று அதையும் தோண்டி எடுத்துவிட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பங்களாவின் பின்கட்டு வழியாக வந்து போனார். வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டி வைத்துக்கொண்டார்.

மார்ச் நடுவில் ஒரு காலை, வாசல் பக்கமிருந்து 'ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்.

ரோஜா கருகியிருந்தது. டேலியா மண்ணோடு மண்ணாகியிருந்தது. அவற்றுக்கு நடுவே சீமை நொச்சி நிமிர்ந்து நின்றது. கணுவுக்குக் கணு நீலம், பஞ்சு பஞ்சாக. வேறெங்கும் பூவில்லாததால் அந்தப் பகுதித் தேனீயெல்லாம் அதன் மேல்தான். போதாததற்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வேறு. வீரய்யா குந்தித் தூரின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. தான் என்ன செய்து அது பூத்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் பூத்துவிட்டது.

துரை நாற்காலியை வெளியே போடச் சொல்லி, தேனீ சத்தத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். அன்றைக்கே தபால் கந்தோருக்கு ஆளனுப்பிச் சீமைக்குத் தந்தி கொடுத்தார். தன் செடியின் சேதி கடல் தாண்டிப் போகிறது என்று வீரய்யா லயம் முழுக்கச் சொன்னார். துரை தன் பழைய கோட்டு ஒன்றையும் கொடுத்து, இனிமேல் கவ்வாத்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். லயத்துக்குப் பின்னால் எத்தனை பூத்தும் காய்க்காத ராக்காயியின் பூசணிக்கொடியில்கூட, அந்தத் தேனீக்கள் போய்வந்த பிறகு மூன்று காய் பிடித்தது.

ஏப்ரல் கடைசியிலும் மழை வரவில்லை, பூ குறையவுமில்லை. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து கார் வந்து நின்றபோது வீரய்யா கோட்டைப் போட்டுக்கொண்டு செடியருகே நின்றார். முதலில் துரைசாணி இறங்கினார். அடுத்து, கைத்தடி ஊன்றிக்கொண்டு வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர். கடைசியில் பிள்ளையோடு மீனம்மா.

அந்த அம்மா யாரையும் பார்க்காமல் நேராகச் செடியிடம் வந்தார். ஒரு பூவைத் தொட்டார். கண் கலங்கியது. மண் ஒட்டியிருந்த வீரய்யாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அது நன்றி என்று வீரய்யாவுக்கு விளங்கியது. இத்தனை வருஷத்தில் தன் வேலைக்கு யாரும் இப்படி நன்றி சொன்னதில்லை.

துரைசாணி செடியைப் பார்த்தார். பிறகு வீரய்யாவைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெட்டியோடு கடந்து போன மீனம்மாவை வீரய்யா நிறுத்தினார். துரைசாணிக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா, செடி நன்றாகத்தானே பூத்திருக்கிறது என்று கேட்டார்.

மீனம்மா ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க தொரையோட அம்மாண்ணே. செடியைக் குடுத்தனுப்புனதே அவங்கதான். இது அந்த மண்ணுல பூத்தா, நானும் கடைசி வரைக்கும் மருமக கூடவே வந்து இருந்துடுறேன்னு சொல்லித்தான் அனுப்புனாங்களாம்."