மாடிக்குப் போன குருணைச் சோறு

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் ஒரு வீட்டுச் சமையலறையை நம்பி விட்டுவிட்டுப் போகவே கூடாது. போனார்கள். அதனால் என்ன ஆயிற்று என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல உட்கார்ந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அப்போது யுத்த காலம். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது. கந்தர்வக்கோட்டையில் முந்திரிக் காட்டுக்குள் ஓடி ஆடித் திரிந்த என்னை, கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். முன்னால் கடை, கடைக்கு மேலே மாடி, நடுவில் முற்றம், பின்னால் வீடு. கடைப் பக்கம் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. புது மருமகள் மாமனாருக்கு எதிரே நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் தொண்டையைச் செருமினால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். (அத்தை வீட்டில் இல்லாத நேரத்தில், "மாமாவுக்குக் காப்பி வேணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அவரும் சுவரிடமே "வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அதிகம் விஷயம் தெரிந்தது அந்தச் சுவருக்குத்தான்.)

மாமா என்னை ஒரு நாளும் வைததில்லை. வைவதற்கும் பேசித்தானே ஆக வேண்டும்? ஆனாலும் அந்தச் செருமலைக் கேட்டால் போதும், கதவு எங்கே என்று தேடுவேன்.

கடை ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கும் அதே கதைதான். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்காருகிற உரிமை மாமாவுக்கும் கல்லாப் பெட்டிக்கும் மட்டும். சம்பளம் கூட்டிக் கேட்டால், "அதான் சோறு போடுறேன்ல?" என்பார். சோற்றைப் பற்றி முணுமுணுத்தால், "அதான் சம்பளம் குடுக்குறேன்ல?" என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிற தைரியம் அங்கே எவருக்கும் இல்லை.

அந்தச் சோற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அடுப்படியில் இரண்டு சமையல். வீட்டுக்கு நல்லரிசி, கெட்டிப் பருப்பு, காய், நெய். கடை ஆட்களுக்கு உடைந்த அரிசிக் குருணைச் சோறு, ஒரு குழம்பு, கொஞ்சம் ஊறுகாய். அந்தக் குழம்பில் தப்பித் தவறி ஒரு பருப்பு மிதந்தால் அத்தை அதைக் கரண்டியால் எடுத்து வீட்டுப் பானையில் போட்டுவிடுவார். (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம்தான்.) "வயிறு நெறஞ்சா ஆளு படுத்துருவான். அரை வயித்துக்காரந்தேன் வேலைக்கு ஓடுவான்" என்பது மாமாவின் சித்தாந்தம்.

துணிக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. மதுரையிலிருந்து மில் ஏஜெண்டு ஒருவர் வந்து, ஊரில் எந்தக் கடைக்குச் சரக்கு தருவது என்று முடிவு செய்யப் போகிறார் என்றார்கள். வந்தார். வந்தவர் துணியைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்க்கவில்லை. மாமாவிடம் முதல் கேள்வியாக, "கடை ஆளுகளுக்குச் சாப்பாடெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டாராம். ஆட்களை வயிறு வாட விடுகிற கடையில் சரக்கு பின்வாசல் வழியாகக் கள்ளச் சந்தைக்குப் போய்விடுகிறது என்பது அவர் கண்ட அனுபவம். மாமா கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க வீட்டுல என்ன ஆக்குறமோ அதேதாங்க ஆளுகளுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து அத்தை ஒரு சாவு வீட்டுத் துட்டிக்கு வல்லத்திராக்கோட்டை போயிருந்தார். அடுப்படியில் நான் ஒருத்தி. என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார்.

"மாடியில ஏஜெண்டுக்கும் அப்பாவுக்கும் எலை போடப் போறோம். வடை பாயசத்தோட பண்ணு. ஆளுக சாப்பாடு வழக்கம்போல பின்கட்டுக்கு. ரெண்டையும் துணி போட்டு மூடிரு. ஆளுக சோறு அவரு கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு அப்பா சொன்னாக."

"சரிங்க."

"அவரு மனசு கோணிப் போனாருன்னு வையி, அப்பா ஒன்னைய வண்டியேத்திக் கந்தர்வக்கோட்டைக்கே அனுப்பிருவாரு. எங்கிட்ட வந்து அழுகாத."

(சும்மா மிரட்டினேன் என்று பல வருஷம் கழித்துச் சொன்னார். அன்றைக்கு அதை எனக்கு யார் சொன்னது?)

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருப்பி அனுப்பினால் என் அப்பா ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? வாழாவெட்டி என்ற சொல் எண்ணெய்ச் சட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே வடை தட்டியதில் ஒரு வடைக்கும் நடுவில் ஓட்டை விழவில்லை, ஓரத்தில்தான் விழுந்தது. எப்படியோ சமைத்து முடித்தேன். இரண்டு பெரிய கூடை. இரண்டையும் கடையிலிருந்து வந்த ஒரே மாதிரி வெளுக்காத கோராத் துணியால் மூடினேன். விருந்துக் கூடையை என் வலது கைப் பக்கம் வைத்தேன். வலது, வலது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது கேட்டது செருமல்.

அடுப்படி வாசலுக்கு மாமாவே வந்துவிட்டார், பின்னால் தூக்கிப் போக இரண்டு ஆட்கள். நான் ஒரே தாவில் எதிர்ப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"மாடிக்கு எது?" என்றார் மாமா, பொதுவாக, சுவரைப் பார்த்து.

வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. சொல்லக் கூடாதே! கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது பக்கம் காட்டினேன். தாவியதில் நான் அப்படியே எதிர்த் திசைக்குத் திரும்பி நிற்கிறேன், இப்போது என் வலது கைப் பக்கம் இருப்பது குருணைச் சோறு என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கூடைகள் போயின. "மகமாயி, காப்பாத்து" என்று மூச்சு விட்டேன்.

சன்னல் வழியாகப் பார்த்தால் முற்றத்துக்கு அப்பால் கடையின் பின்கட்டு தெரியும். ஆட்கள் இலை போட்டுக் கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆட்களில் மூத்தவரான முத்தையா அண்ணன் துணியை விலக்கினார். விலக்கியவர், பாம்பைப் பார்த்தவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, வடைண்ணே!" என்றார் ஒருவர்.

"தொடாதீங்கடா!"

"பாயசமும் இருக்குண்ணே. நெய் வேற."

முத்தையா அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முடிஞ்சுச்சுடா. சரக்கு வரலைன்னு கடைய மூடப் போறாரு. நம்மளப் பூராப் பேரையும் வேலைய விட்டு அனுப்பப் போறாரு. இல்லாட்டி இந்த மனுசன் நமக்கு எதுக்குடா பாயசம் ஊத்துறாரு?"

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஒருவர் விசும்பினார். இன்னொருவர் பிள்ளை குட்டிகளின் பேரைச் சொல்லி அழுதார். ஆனால் பசி பசிதானே? அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். வடையைக் கடித்துக்கொண்டு தேம்புகிறவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இங்கே வடை என்றால் மாடியில்? கத்திக் கூப்பிடலாமா? மருமகள் குரல் கடை வரைக்கும் கேட்கக் கூடாது. ஓடிப் போய்த் தடுக்கலாமா? கடைப் பக்கம் காலெடுத்து வைத்தால் அது தனிக் குற்றம். கடைசியில் மிகவும் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தேன். அறைக்குள் போய் என் தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் போகச் சொல்லுமுன் தயாராக இருந்தால் பேச்சு குறையும் அல்லவா?

மாடியில் நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். தூக்கிப் போன ஆள் ஏஜெண்டின் கண் முன்னாலேயே கூடைத் துணியை எடுத்திருக்கிறார். குருணைச் சோறு. மாமாவின் முகம் வெளிறிவிட்டது. கூடை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, சொன்னால் வீட்டில் இரண்டு சமையல் என்று ஆகிவிடும். "போடுடா" என்றார் அடிக்குரலில். ஏஜெண்டு சாப்பிட்டார். மாமாவும் சாப்பிட்டார். தன் கடை ஆட்கள் வருஷக்கணக்காகத் தின்ற குழம்பை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயில் வைக்கிறார். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்கினாராம்.

சாப்பிட்டு முடித்த ஏஜெண்டு, "கீழ ஆளுக சாப்பிடுறதையும் ஒரு எட்டுப் பாத்துருவோமுங்க" என்று எழுந்துவிட்டார்.

பெட்டியை மூடிவிட்டு நான் சன்னலுக்குத் திரும்பி வந்தபோது, பின்கட்டு வாசலில் ஏஜெண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் மாமா. ஏஜெண்டு இலைகளைப் பார்த்தார். வடை. பாயசம். திரும்பி மாமாவைப் பார்த்தார். செத்தேன் என்று நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முத்தையா அண்ணன் எச்சில் கையோடு ஓடி வந்து மாமா காலில் விழுந்தார். "மொதலாளி! ஒங்க உப்பத் தின்னு வளந்தவக நாங்க. எங்களக் கைவிட்டுறாதீங்க மொதலாளி!" மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள், கண்ணீரும் பாயசமுமாக.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏஜெண்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, தப்பாக.

"நீங்க குருணையத் தின்னுக்கிட்டு ஆளுகளுக்கு வடை பாயசம் போடுறீங்களா? எத்தனையோ ஊரு பாத்துட்டேன். இப்படி ஒரு மொதலாளிய நான் பாத்ததே இல்லீங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சரக்கு ஒங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் அப்பப்ப வருவேன், சொல்லாமக்கொள்ளாம வருவேன். வந்தா ஆளுகளோட உக்காந்துதான் சாப்பிடுவேன்."

மாமா கும்பிட்டார். அதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ஏஜெண்டு போனதும் செருமல் அடுப்படியை நோக்கி வந்தது. நான் கதவுக்குப் பின்னால், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆத்தா" என்றார். முதல் தடவையாக என்னிடம், சுவரிடம் அல்ல. "வெளிய வா."

வந்தேன். தலை நிமிரவில்லை. என் கையில் இருந்த பெட்டியை அவர் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"கந்தர்வக்கோட்டைக்கு."

"யாரு போகச் சொன்னது?"

அழுகைதான் வந்தது. அவர் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு, "அந்தக் கொளம்பு தெனமும் அப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் பருப்பு கூடங்க, மாமா" என்றேன். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே அடுப்புல ஒரே பானைதான். ஒங்க அத்தை வந்தா நான் சொன்னேன்னு சொல்லு. நீயும் இனிமே வாயத் தொறந்து பேசு ஆத்தா. நீ கையக் காட்டுனா எனக்குக் கட்டுபடியாகாது" என்றார். பிறகு தயங்கிக்கொண்டே, "வடை ஏதும் மிச்சம் கெடக்கா?" என்றார். மூன்று வடை தின்றார்.

ஒரே பானை என்றதும் அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முதல் சில நாள் மாமாவின் சித்தாந்தமே ஜெயிக்கும் போல இருந்தது. வயிறு நிறைந்த ஆட்கள் மத்தியானத்தில் துணிக்கட்டில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். மாமா பல்லைக் கடித்தார். ஏஜெண்டு எந்த நிமிஷமும் வந்து நிற்பாரே என்ற பயத்தில் குழம்பைத் தண்ணீராக்கவும் முடியவில்லை. பிறகு பார்த்தால் வருஷக்கணக்காக விற்காமல் கிடந்த மேல்தட்டுச் சேலைகள் விற்க ஆரம்பித்தன. என்ன மாயம் என்று கேட்டதற்கு முத்தையா அண்ணன் தலையைச் சொறிந்தார். "மத்தியானத்துக்கு மேல ஏணியில ஏற ஒடம்புல தெம்பு இருக்காது மொதலாளி. மேல இருக்குறத யாராச்சும் கேட்டா, தீந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிருவோம்." அன்று மாமா அவரை வைவார் என்று நான் சன்னலில் காத்திருந்தேன். மறுநாள் ஆட்கள் உட்கார ஒரு பெஞ்சி வந்தது. அடுத்த தீபாவளிக்குச் சம்பளமும் ஏறியது.

இப்போது எனக்கே மருமகள் இருக்கிறாள். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். வீட்டில் நான் பாயசம் வைத்தால் போதும், அடுப்படி வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு கேட்கிறாள்: "பாயசமா? அத்தை, இன்னைக்கு வேலைய விட்டு அனுப்பப் போறது யார? நான் பெட்டியக் கட்டவா, இல்ல ஒங்க மகன் கட்டணுமா?"