மீன் பேணியில் அப்பிள் கேக்

"கண்ணகை அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு ஓவன் தந்த வெள்ளைக்காரம்மா வாறா. நீங்க போடுற அப்பிள் கேக்கைச் சாப்பிட்டுப் பார்க்கவேணுமாம்."

கெரன் மிஸ் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். கண்ணகை ஓடிப்போய் ஓவனைத் திறந்து பார்த்தாள். உள்ளே பிள்ளைகள் இரண்டு பேரின் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. காணி உறுதி இருந்தது. நிவாரண அட்டை இருந்தது. கலியாணப் படம் ஒன்று இருந்தது. கேக் ஒன்றைத்தான் அந்த ஓவன் இன்னும் கண்ணால் கண்டதில்லை.

"இஞ்ச ஓடி வாங்க! நம்மட கதை முடிஞ்சுது!"

புருஷன் நல்லரத்தினம் கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்து தூண்டில் பிரித்துக்கொண்டிருந்தான். ஓவனோடு சேர்த்துக் கொடுத்த பன்னிரண்டு குழித் தட்டு அவன் முன்னால் கிடந்தது. ஒரு குழியில் சின்னத் தூண்டில், ஒரு குழியில் பெரிய தூண்டில், ஒரு குழியில் ஈயக்கட்டி. மீன்பிடிகாரனுக்கென்றே வெள்ளைக்காரன் செய்த தட்டு என்று அவன் இவ்வளவு நாளும் நம்பியிருந்தான்.

கதை இப்படித்தான் தொடங்கியது. கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, தொழில் உதவி கொடுக்கிறோம் என்று ஒரு நிறுவனத்தார் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். "முந்தி என்ன தொழில் செஞ்சீங்க?" என்று கேட்டு எழுதினார்கள். கண்ணகை தலையில் பெட்டி சுமந்து மீன் விற்றவள். அவளுக்கு முன்னால் நின்றவளும் அதுதான். "மீன் பட்டியல் நிரம்பிட்டுது அம்மா" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அடுத்தது கண்ணகை.

"என்ன தொழில்?"

"கேக்."

ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. கலியாண வீட்டில் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிற துண்டைத் தவிர அவள் கேக்கைக் கண்டவளுமல்ல. மூன்றாம் மாதம் ஓவன் வந்து இறங்கிவிட்டது.

வந்த அன்றைக்கே ஆசைக்குப் போட்டுப் பார்த்தாள். டப் என்று ஒரு சத்தம். வரிசையிலிருந்த பதினாறு கொட்டிலுக்கும் கரண்ட் போய்விட்டது. நாடகம் பார்த்துக்கொண்டிருந்த சனம் அவளை என்ன சொல்லி ஏசியது என்பதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்துதான் ஓவன் பெட்டகமானது. கடல் வந்த அன்று வீட்டிலிருந்த கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றைத் திரும்ப எடுக்க ஏழு மாதம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக வரிசையில் நின்றாள். கலியாணப் படம் மாமி வீட்டு அல்பத்தில் கிடந்ததால் தப்பியது. தறப்பாள் கூரைக்குக் கீழே எலி, கறையான், ஒழுக்கு. டக் என்று இறுகப் பூட்டுகிற கதவு அந்த ஓவனுக்கு மட்டும்தான் இருந்தது. கடல் திரும்ப வந்தால் நல்லரத்தினம் பிள்ளைகளைத் தூக்குவான், அவள் ஓவனைத் தூக்குவாள். இரண்டு தரம் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை ஓடியும் பார்த்திருக்கிறாள். அது பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்கு நித்திரை வரும்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. பாவிக்காத சாமானைத் திரும்ப எடுப்போம் என்று நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். சும்மா சொல்லவுமில்லை. அடுத்த வரிசையில் ஒருத்தி தையல் மெசினுக்கு மேலே டீவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டீவி இப்போது தரையில்.

"பயிற்சி எடுத்தாய்தானே புள்ள? அஞ்சு நாள் போனாயே" என்றான் நல்லரத்தினம்.

போனாள்தான். நிறுவனத்தாரின் கேக் டீச்சர் கெரன் மிஸ் டவுன் பறங்கிப் பிள்ளை, போர்த்துக்கேயர் வழி வந்த சனம். கிறிஸ்து பிறந்த நத்தார் வந்தால் எந்தத் தெருவில் கேக் வாசம் வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால் மிஸ் சொன்னதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஐந்து நாளும் கரண்ட் இல்லையென்று மிஸ் பலகையில் படம் கீறித்தான் படிப்பித்தாள். கடைசி நாள் ஆளுக்கொரு கடதாசி கொடுத்தாள். "சுகமான வழியில் அப்பிள் கேக்" என்று மேலே போட்டிருந்தது. கேக் மாப் பக்கற்றை உடைக்கவும். டின்னில் வரும் அப்பிளைத் திறக்கவும். கேக் கப்பில் பாதி மா, நடுவில் அப்பிள், மேலே மிச்ச மா.

"மிஸ், பக்கற் கிடைக்காட்டி? அதுக்குள்ள என்னென்ன கிடக்கு?" என்று கண்ணகை அன்றைக்கே கேட்டாள்.

"பக்கற்றுக்குள்ள கிடக்கிறது பக்கற்றுக்குத்தானே அக்கா தெரியும்" என்று மிஸ் பலகையைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

சந்திக் கடையில் பக்கற்றும் இல்லை, டின்னும் இல்லை. கோதுமை மா, முட்டை, சீனி, மாஜரின் எல்லாம் சேர்த்துக்கொண்டாள். ஏலமும் கறுவாவும் கராம்பும் வீட்டில் இருந்தன. அப்பிள்தான் இல்லை. நல்லரத்தினம் சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனான். சரீப் நானா கடையில் நாலு அப்பிள் வாங்கி, பையை ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, கல்லடிப் பாலம் கடந்து டவுனுக்குள் வந்தான். பின்னேரம் ஆறு மணிக்கு வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றான்.

"எங்க அப்பிள்?"

"ஆஸ்பத்திரியில."

"அப்பிளுக்கு என்ன வருத்தம்?"

"பகிடி விடாத புள்ள. ஆஸ்பத்திரி வாசலால வந்தனா, சீதேவிப்பிள்ளை மாமி நிக்கிறா. என்னையும் பையையும் பார்த்தவதான், 'என்ட மருமகன்! ஒருத்தரும் எட்டிப் பார்க்கல்ல, நீங்க அப்பிளோட வந்துட்டீங்களே' எண்டு அழத் தொடங்கிட்டா. அவட புருஷன் இராசதுரை மாமா மூணு நாளா வாட்டில கிடக்கிறாராம். எனக்கு அதுவே தெரியாது."

கண்ணகை தலையில் கை வைத்தாள். ஆனால் அவளாலும் குற்றம் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்தில் தின்னுவதற்கென்று அப்பிள் வாங்கிய மனிதர் யார்? வருத்தக்காரரைப் பார்க்கத்தான் வாங்குவது. கையில் அப்பிளோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் வேறு எந்தக் காரணத்தைச் சொல்ல முடியும்?

"ஒண்டையாவது மிச்சம் பிடிச்சிருக்கலாமே?"

"வருத்தக்காரனுக்குக் குடுத்துட்டுத் திருப்பித் தா எண்டு கேக்கிறதா? மாமாவுக்குச் சீனி வருத்தம். மாமிதான் ஒண்டைக் கடிச்சுப் பார்த்தா. மாப்பிடிச்சுப் போச்சாம்."

பக்கத்துக் கொட்டில் பிரஷாந்தி வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொல்லையில் பப்பாசி நின்றது. "காயாத் தாறன். தேசிப்புளி விட்டுச் சீனியில அவிச்சுக் கறுவாவைப் போடுகா. எந்த வெள்ளைக்காரிக்குத் தெரியப்போகுது?" என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, "ஓவனை மட்டும் போட்டியெண்டா மறுகா நான் மனிசியா இருக்கமாட்டன்" என்றும் சொல்லிவைத்தாள்.

ஆகவே ஓவன் இல்லை. சட்டியில் வைத்து, கீழே அடுப்பும் மூடிக்கு மேலே சிரட்டைத் தணலுமாகச் சுடலாம் என்று கண்ணகை யோசித்தாள். நீளமான பன்னிரண்டு குழித் தட்டு வட்டச் சட்டிக்குள் இறங்க மறுத்தது. அதிலிருந்த தூண்டில்களையெல்லாம் கொட்டிக் கழுவியதுதான் மிச்சம். கடைசியில் நிவாரணத்துக்குக் கொடுத்த சின்ன டின்மீன் பேணிகள் பன்னிரண்டை நல்லரத்தினம் குறட்டால் அரைவாசிக்கு வெட்டிக் கொடுத்தான். அவள் சாம்பல் போட்டு, புளி போட்டு, சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். அப்படியும் நம்பிக்கை வராமல் வாழையிலையை வாட்டி உள்ளே வைத்தாள்.

விடிய எழும்பி அடுப்பை மூட்டினாள். முதல் ஈடு கரி. இரண்டாம் ஈடு வெளியே கேக், உள்ளே கூழ். மூன்றாம் ஈட்டுக்கு அவள் கடதாசியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீன் வாட்டுகிற கணக்கில் தணலை ஒதுக்கி, மூக்கை நம்பிச் சுட்டாள். மூடியைத் திறந்தால் பன்னிரண்டும் பொங்கி நின்றன. பிரஷாந்தி ஒன்றைக் கடித்தாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். வெள்ளைக்காரம்மாவுக்குத் தட்டு நிறைய வேண்டுமே என்று கண்ணகை அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

பிறகு பிறப்புப் பத்திரம் முதலான கடதாசிக் கட்டை ஓவனிலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்தாள். ஓவனுக்கு ஒரு பூத் துவாயைப் போட்டு, கேக்குகளைக் குழித் தட்டில் அடுக்கி மேலே வைத்தாள். பார்த்தால் அதில் சுட்டது போலவே இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கூரை சரியாக அரிசி வாளிக்கு மேலே ஒழுகியது. நல்லரத்தினம் பதறிப்போய்க் கடதாசிக் கட்டைத் தூக்கி, உலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடத்தில் வைத்து டக் என்று பூட்டினான். பெண்சாதியிடம் சொல்லுவதற்குள் வாகனம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரம்மா நல்ல மனிசி. பாயில் சப்பாணி கட்டி உட்கார்ந்து கேக்கைக் கடித்தாள். கண்ணை மூடினாள். ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"இப்பிடி அப்பிள் அவட நாட்டிலயும் சாப்பிட்டதில்லையாம்" என்றாள் கெரன் மிஸ். "எந்த இடத்து அப்பிள் எண்டு கேக்கிறா."

"பக்கத்துதான் மிஸ்" என்றாள் கண்ணகை. அது பொய்யில்லை.

இரண்டாவதையும் முடித்துவிட்டு வெள்ளைக்காரம்மா கமெராவை எடுத்தாள். எழும்பிப் போய் ஓவனைத் தட்டிக் கொடுத்தாள்.

"ஓவன் எரிஞ்சுகொண்டிருக்க ஒரு படம் எடுக்கவேணுமாம்" என்றாள் மிஸ்.

"புள்ள…" நல்லரத்தினத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "கடதாசியெல்லாம் அதுக்குள்ள."

ஏழு மாத வரிசை. பிள்ளைகளின் பேர். அவளுடைய கலியாணம். "ஐயோ அம்மா, வேணாம்!" என்று கண்ணகை பாய்ந்தாள். அதற்குள் அந்த அம்மா சுவிட்சைப் போட்டுத் திருகியும்விட்டாள்.

டப்!

பதினாறு கொட்டிலும் அணைந்தன. "ஏய் கண்ணகை! திரும்பவும் போட்டுட்டியா? நேத்தே சொன்னன்!" என்று பிரஷாந்தி அலறினாள். வரிசை முழுக்க அதற்குப் பின்பாட்டுப் பாடியது.

வெள்ளைக்காரம்மா திகைத்துப்போய் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேக் தட்டைத் தூக்கி வெளியே நீட்டினாள். அவர்களும் கேக் கேட்கிறார்கள் என்று மிஸ் சொல்லியிருக்கவேண்டும்.

பிறகு மிஸ் ஓவன் கதவைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளே கலியாணப் படத்தில் கண்ணகையும் நல்லரத்தினமும் மாலையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் நிமிர்ந்து கண்ணகையை ஒரு பார்வை பார்த்தாள். கதவை மெதுவாகப் பூட்டினாள். கைப்பைக்குள் கையை விட்டு, பவுடர் டப்பாவை எடுக்கிற மாதிரி கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரிசைக் கடைசியிலிருந்த பியூஸ் பெட்டிக்கு விறுவிறுவென்று நடந்தாள். மூன்று நிமிஷத்தில் பதினாறு கொட்டிலுக்கும் கரண்ட் வந்தது. கண்ணகை இருந்த பயத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மிஸ் வந்து வெள்ளைக்காரம்மாவிடம் வயரைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினாள். அந்த அம்மா தலையாட்டித் தலையாட்டி எழுதினாள். போகும்போது கண்ணகையைக் கட்டிப்பிடித்தாள்.

"இந்த வயர் ஓவனைத் தாங்காதாம். உங்களுக்குத் தனி லைன் இழுத்துத் தருவாங்க அக்கா" என்றாள் மிஸ். "ஓவனும் உங்களுக்குத்தான், இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மறுகா இன்னொண்டு. திங்கட்கிழமை நாப்பது பொம்பிளையள் வருவாங்க. நீங்கதான் கேக் படிப்பிக்கவேணுமாம்."

சந்தோசம் அரை நிமிஷம்தான் இருந்தது. நாப்பது பேர்! ஒரு பொய்யைக் கட்டிக் காக்கிறதுக்குள்ளேயே உயிர் போய் வந்துவிட்டது. வெள்ளைக்காரம்மா வாகனத்தில் ஏறியதும் கண்ணகை மிஸ்ஸின் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் நீர் முட்டியது.

"மிஸ், நீங்க ஓவனுக்குள்ள பார்த்தீங்கதானே. இனி மறைக்க ஏலாது. நான் கேக்காரி இல்ல மிஸ், மீன்காரி. பட்டியல் நிரம்பிட்டுது எண்ட பயத்தில வாயில வந்ததைச் சொல்லிட்டன். அது அப்பிள் இல்ல, பப்பாசி. சுட்டது மீன் பேணியில. அந்தப் பெட்டியை மட்டும் கொண்டுபோயிடாதீங்க. உங்களை மாதிரிப் பிறப்பிலேயே கேக் தெரிஞ்ச ஆக்களுக்கு முன்னால நான் எப்பிடி மிஸ் படிப்பிக்கிறது?"

கெரன் மிஸ் வாகனத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த டெஸ்டரைப் பைக்குள் போட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் அப்பாட கடையில பதினாலு வருஷம் தண்ணி மோட்டருக்குக் கம்பி சுத்தினவள். பறங்கி எண்டதும் கேக் டீச்சர் எண்டு அவங்களே எழுதிட்டாங்க. திங்கட்கிழமை முன்வரிசையில எனக்கு ஒரு இடம் பிடிச்சு வையுங்க."