லேப் வாசலில் செருப்புகள்

லேப் வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. அதுவும் நிசார் அகமதுவுடையது.

அவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். தூணுக்குப் பின்னாலிருந்தும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் ஒரு ஜோடிதான்.

லேப்களைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் நவநீதன் காலையிலேயே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

"பசங்க புழங்கற லேபுன்னு தெரிஞ்சா விட்டுருவாங்க நிசார். இல்லேன்னா பரீட்சைப் பேப்பர் கட்டு அடுக்கறதுக்கு இந்த ரூமைக் கேக்கறாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை தொடங்கியபோது திறந்த முதல் லேப் அது. நிசார் அதன் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது அவருக்கு மீசை கருகருவென்று இருந்தது. அந்தக் காலத்தில் துணைவேந்தரே வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. தூசி பட்டால் கம்ப்யூட்டர் செத்துப்போகும் என்று எல்லோரும் மனமார நம்பினார்கள். தீர்த்தமலைக் கோயிலுக்கு அடுத்தபடி மாவட்டத்திலேயே அதிகச் செருப்பு கிடந்த இடம் இந்த வாசல்தான் என்பது நிசாரின் கணக்கு.

சட்டைப் பையில் பிளாப்பி துருத்திக்கொண்டிருக்க, மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஏசிக் குளிருக்காகவே கடத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் உண்டு. மணி அடித்ததும் அவசரத்தில் தன்னுடைய இடதுகால் செருப்பையும் அடுத்தவனுடைய வலதுகால் செருப்பையும் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். மறுநாள் வாசலில் பஞ்சாயத்து நடக்கும். தீர்ப்புச் சொல்வது நிசார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது அந்தக் குவியல் மாடிக்குப் போய்விட்டது. அங்கே கலைமதி மேடத்தின் பொறுப்பில் புது லேப். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் கம்பித் தடுப்பு வழியாகச் செருப்புகள் தெரியும். நிசார் தினமும் அண்ணாந்து பார்ப்பார், தினமும் வயிறெரிவார். திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் மாடி ஏறியதே இல்லை.

காதில் இயர்போனுடன் போன மாணவன் ரஞ்சித்குமாரை மடக்கிப் பிடித்தார்.

"தம்பி, நாலு பேரைக் கூட்டியாந்து உள்ளாற கொஞ்ச நேரம் உக்காருப்பா."

"எதுக்குங்க சார்? புரோகிராமெல்லாம் லேப்டாப்லயே முடிச்சிட்டோம்ங்க."

"வேலை செய்ய வேணாம். சும்மா உக்காந்தாப் போதும்."

"உங்க மிஷினு ஆன் ஆகறதுக்குள்ள நான் மாரண்டஹள்ளியில எங்க வூட்டுக்கே போயி சோறு தின்னுட்டு வந்துருவேங்க சார்."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னான். அதுதான் நிசாருக்கு அதிகமாக வலித்தது.

சரி, ஆள்தான் வரவில்லை, செருப்பாவது வரட்டும் என்று முடிவு செய்தார்.

மானிட்டரை மூடியிருந்த துணி உறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். புது லேபின் கண்ணாடிக் கதவில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கதவிடுக்கில் ஏசிக் குளிர் கசிந்தது. பாதியை எடுத்தால் போதும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஜோடி பார்த்துப் பிரிக்க நேரமில்லை. மொத்தத்தையும் வாரி மூட்டை கட்டினார். இந்த வயதில் செருப்புத் திருடனாகிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கீழே வந்து வாசலில் கொட்டினார். வரிசையாக வைத்தால் கடை போல இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சில கவிழ்ந்து, பையன்கள் அவசரத்தில் உதறிவிட்டுப் போன மாதிரி பரப்பினார். இந்த வித்தை அவருக்கு அத்துப்படி. பரப்பி முடித்ததும் ஒரு கணம் பழைய வாசலே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளே சத்தம் வேண்டுமே என்று எல்லாக் கம்ப்யூட்டர்களையும் போட்டுவிட்டார். உறங்கிக் கிடந்த விசிறிகள் உறுமத் தொடங்கின. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

ஆய்வுக் குழு என்றார்கள், வந்தது பேராசிரியர் சாயிரா ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். கூடவே வந்த நவநீதன் செருப்புகளைப் பார்த்துத் திகைத்து, பிறகு திகைக்காதது போல நின்றார்.

"நல்ல கூட்டம் போலிருக்கே," என்றார் சாயிரா.

"மாடல் பிராக்டிகல் நடக்குதுங்க மேடம். கதவைத் தொறந்தா பசங்க கவனம் கலைஞ்சிரும்."

"பரவால்லைங்க. முடியற வரைக்கும் நான் நிக்கறேன்."

நிசாருக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அத்தனை கிழட்டு மிஷின்களையும் ஒன்றாகத் தாங்க முடியாமல் லேபின் ஃபியூஸ் போய்விட்டது. உறுமல் அடங்கியது.

சாயிரா காதைத் தீட்டிக்கொண்டார்.

"கரண்ட் போயிருச்சு."

"ஆமாங்க மேடம்."

"ஒருத்தருமே கத்தலையே? நாங்க படிக்கறப்ப கரண்ட் போனா, சேவ் பண்ணலையேன்னு லேபே ஓன்னு கத்தும். பக்கத்துக் கிளாஸ்லருந்து சார் ஓடி வருவாரு."

"நம்ம பசங்க அமைதியானவங்க மேடம்," என்று நவநீதன் முட்டுக் கொடுத்தார்.

"இவ்வளவு அமைதியாவா?"

சாயிரா தன் செருப்பைக் கழற்றிக் குவியலோடு விட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். மாட்டிக்கொண்ட அந்த நிலைமையிலும், செருப்பைக் கழற்றினாரே என்று நிசாருக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்தது.

உள்ளே இருட்டும் நாற்காலிகளும்தான் இருந்தன. சாயிரா போய் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தடித்த கீபோர்டில் ஏதோ தட்டினார். அந்தப் பழைய டக் டக் சத்தத்தை ரசித்துக்கொண்டே கேட்டார்.

"வெளிய கெடக்கறது யாரோட செருப்புங்க?"

நிசாருக்கு மேற்கொண்டு பொய் வரவில்லை.

"மேல புது லேப் பசங்களோடதுங்க. நாந்தான் எடுத்தாந்தேன். இந்த ரூமு போயிருச்சுன்னா எனக்குத் தாங்காதுங்க மேடம். இங்க கத்துக்கிட்டுப் போனவங்க எங்கெங்கயோ இருக்காங்க. என்னைக்காவது ஒருத்தர் தேடி வந்தா, நீ உக்காந்த எடம் இதுதான்னு காட்டறதுக்கு எனக்கு வேற என்ன இருக்குதுங்க?"

நவநீதன் தலையில் கைவைத்துக்கொண்டார். சாயிரா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கும் இப்படி ஒரு லேப் இருந்துச்சுங்க. இப்ப அங்க கேன்டீன் நடக்குது," என்றார் மெதுவாக. "உங்க வருத்தம் புரியுது. ஆனா மேல அத்தனை பசங்க வந்து படிக்கறாங்கன்னா, அந்த ஒரு லேபே போதும்னுதானே நான் சொல்ல முடியும்?"

நிசார் தலையாட்டினார். அதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. பிள்ளைகள் இருக்கிற இடம்தானே லேப். வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"பசங்க வெளிய வந்தா வெறுங்காலோட நிப்பாங்க மேடம். மொதல்ல இதைக் குடுத்துட்டு வந்துடறேங்க."

சாயிராவின் செருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மூட்டையைக் கட்டினார். நிசார் முன்னால் ஏற, புது லேபைப் பார்க்க மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். மேலே துறையைக் கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மாள் விளக்குமாற்றுடன், காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

நிசார் மூட்டையை அவிழ்த்தார்.

"தப்பு என்னோடதுதான் கோவிந்தம்மா. ஒண்ணுகூட கொறையலை. உள்ள இருக்கற பசங்களைக் கூப்புட்டு, அவங்கவங்க செருப்பைப் பாத்து எடுத்துக்கச் சொல்லு."

கோவிந்தம்மாள் செருப்புகளைப் பார்த்தாள். நிசாரைப் பார்த்தாள். பின்னால் நிற்கிற அம்மா யாரென்று அவளுக்குத் தெரியாது.

"உள்ள எந்தப் பசங்க இருக்காங்க சார்? இதெல்லாம் படிச்சு முடிச்சுப் போனவங்க ஹாஸ்டல்ல வுட்டுட்டுப் போன செருப்புங்க. லேபுக்கு ஆள் வர்ற மாதிரி தெரியட்டும்னு கலைமதி மேடம்தான் வாசல்ல போட்டு வைக்கச் சொன்னாங்க."