ரெக்கார்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதிவிட வேண்டும் என்று நான்கு வருடமாக நினைக்கிறேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், உடனே வெட்கம் வந்துவிடும். அந்தப் பக்கத்திலேயே மளிகைச் சாமான் எழுதிக் கடைக்கு அனுப்பிவிடுவேன். சாமி காரியத்தில் நடந்த தப்பை வெளியில் சொல்லலாமா என்ற பயமும் இருந்தது. தப்பு சாமியுடையது இல்லை, முழுக்க என்னுடையது என்று தெளிந்த பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். நான் பத்தாவது வரை படித்தவள். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என்னைப் போன்ற பெண்களுக்குப் பாட வீடியோ தயாரிக்கப் புதுக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை பயிற்சி நடத்தியது. கடைசி சனிக்கிழமை நான்கு மணிக்குள் ஆளுக்கு ஒரு பாடம் முடித்துக் கொடுத்தால், அவரவர் படிப்பகத்துக்கு ஒரு புரொஜெக்டர். முடிக்காவிட்டால் கிடையாது. நானோ (வாய் சும்மா இருந்தால்தானே) பயிற்சிக்குப் போன இரண்டாம் நாளே புரொஜெக்டர் வருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் படம் விழ வேண்டிய சுவருக்கு வெள்ளையே அடித்துவிட்டார்கள்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மெர்சி டீச்சர். ஆவூர்ப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். படத்தைப் போனில் எடுக்க வேண்டும், குரலை ரெக்கார்டரில் தனியாகப் பிடிக்க வேண்டும், பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்க வேண்டும். பதிவு முடியும்வரை ஹெட்போனைக் கழற்றக் கூடாது என்பதைத் தினமும் சொன்னாள். நானும் தினமும் தலையாட்டினேன்.

ரெக்கார்டர் ஒன்றுதான். முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் அது நார்த்தாமலைப் பக்கத்து வளர்மதியிடம் இருந்தது. என் முறை வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை! இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? காலையில் குளித்துவிட்டு ரெக்கார்டரோடு பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். ரெக்கார்டருக்கு என்றேன். சற்று யோசித்துவிட்டு, நட்சத்திரம் கேட்டார். கடைசியில் சாமி பேருக்கே செய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டரைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். உச்சியில் வலை போட்டாற்போல இரண்டு சின்ன வட்டங்கள். பார்க்கக் கண் மாதிரியே இருந்தன. புது வண்டி வாங்கினால் ஹெட்லைட்டுக்கு மேல் வைப்போமே, அதே பக்தியோடு குழைத்த சந்தனத்தை இரண்டிலும் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

பிறகு பதிவு. பாடம், மழை எப்படிப் பெய்கிறது. என் வீட்டுக்காரர் இடிக்காகத் தகரத்தை ஆட்டினார். பதினான்கு டேக். ஹெட்போன் போடவில்லை. ஏனென்றால் தலையில் மல்லிகைப் பூ. வெள்ளிக்கிழமைப் பூவை யாராவது நசுக்குவார்களா? முடித்த பிறகு போட்டுக் கேட்கவும் இல்லை. அர்ச்சனை செய்த காரியத்தைச் சோதித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது போல இருந்தது. குங்குமம் கைப்பையில் ஒட்டுமே என்று ரெக்கார்டரைத் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்து மட்டும் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் புதுக்கோட்டையில், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மெர்சி டீச்சர் என் பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டாள். திரையில் நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன். ஸ்பீக்கரிலிருந்து வந்தது, நாலு போர்வைக்கு அடியில் யாரோ முனகுகிற சத்தம். இடி வந்த இடத்தில் ஒரு சின்ன ஏப்பம் மாதிரி ஏதோ கேட்டது. போனில் பதிவான சத்தத்தையும் போட்டுப் பார்த்தாள். அதில் பக்கத்து வீட்டு மிக்ஸிதான் பாடம் நடத்தியது.

மணி இரண்டேகால். எனக்கு வெள்ளையடித்த சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தப் பயத்தில்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

"எனக்கு முன்னாடி இது யாருகிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க. தண்ணியில போட்டுருப்பாங்க" என்றேன்.

வளர்மதியின் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் குடுக்கையில நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றாள்.

மெர்சி டீச்சர் ரெக்கார்டரை வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள்.

"அக்கா, இது என்ன சந்தனமா?"

"கண்ணு மாதிரி இருந்துச்சு. பொட்டு வச்சேன்."

"அது கண்ணு இல்லக்கா. காது."

அறையே சிரித்தது. நான் மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மெர்சி டீச்சர் மட்டும் சிரிக்காமல், "நாங்களும் புது வண்டிய ஃபாதர்ட்ட மந்திரிக்கக் கொண்டு போவோம்க்கா. ஆனா அவரு தீர்த்தத்த சீட்டுலதான் தெளிப்பாரு. பெட்ரோல் டேங்க்ல ஊத்த மாட்டாரு" என்றாள்.

பழைய டூத் பிரஷ்ஷால் அவள் சுத்தம் செய்யச் செய்ய அறை முழுக்கக் கோவில் வாசனை அடித்தது. படம் நன்றாக இருக்கிறது, குரலை மட்டும் மறுபடி பேசி ஒட்டிவிடலாம் என்றாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, ஜமுக்காளம் அடுக்கிய ஸ்டோர் ரூமில் என்னை உட்கார வைத்தாள். நான் பூவைக் கழற்றிக் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். பதினான்கு டேக் வீண் போகவில்லை, பாடம் தலைகீழாகத் தெரிந்தது. திரையில் என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினேன். இடிதான் இல்லை. தகரம் ஊரில் இருக்கிறது, ஆட்டுகிறவரும் ஊரில்.

அப்போது வளர்மதி உள்ளே வந்து, மூலையில் இருந்த இரும்பு பீரோவில் விட்டாள் ஓர் அறை. ஹெட்போனில் அது என் மண்டைக்குள்ளேயே இடித்தது. மேகத்தில் இடிக்கிற இடியே அப்படி இருக்காது. முடிந்ததும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கக்கா. பீரோவுல அடிச்சதுலயே எனக்குக் கோவம் போயிருச்சு."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாடத்தைக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வந்த பெருமூச்சில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அறந்தாங்கி வரைக்கும் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். பொட்டு வைக்காமல்.

புரொஜெக்டர் வந்தது. வெள்ளைச் சுவரில் முதல் பாடமே என்னுடையதுதான். வளர்மதியின் இடியைப் பிள்ளைகள் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார்கள். இப்போதும் ஆயுத பூஜைக்கு அறக்கட்டளையிலிருந்து அந்த ரெக்கார்டரை வாங்கி வந்து வைக்கிறேன், பொட்டு அதன் பெட்டிக்கு மேல். அடுப்படியில் இருக்கும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டு, எனக்குக் கேட்காமல் போய்விட்டால் அவ்வளவுதான். "என்ன புள்ள, காதுல சந்தனம் வச்சிருக்கியா?" என்கிறார். மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். போன வாரம் குருக்களே கேட்டுவிட்டார்.

இதைப் படித்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எங்கள் ஊரில் இது கைமாறிக் கைமாறி, நான் ரெக்கார்டருக்குப் பாலாபிஷேகம் செய்ததாக ஆகிவிட்டது. சத்தியமாகப் பால் ஊற்றவில்லை. வெறும் சந்தனம், அதுவும் இரண்டே பொட்டு.