உறைபனி சொன்னபடி

மர்ளியாவிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எறும்பு வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் சிலாபத்து டிலக்‌ஷன். என் பழைய கூட்டாளி, எறும்பு வளர்க்க வேணும் என்ற என் ஆசை தெரிந்தவன். இத்தாலியிலிருந்து லீவில் வந்திருந்தான். சுண்டுவிரல் நீளத்தில் ஊடுதெரியும் சிவப்புத் தாள் சுற்றிய கண்ணாடிக் குழாய். உள்ளே குளிர்நாட்டு ராணி எறும்பு ஒன்று, வேலைக்கார எறும்பு நாற்பது.

"மச்சான், இதுகளுக்குப் பனிக்காலம் வேணும். மூணு மாசம் பிரிட்ஜில படுக்க வெய்யி. இல்லாட்டி ராணி செத்திரும்."

ஆதம் நபி இறங்கிய நாள் தொட்டுப் பள்ளிவாசல்துறையில் பனிக்காலம் வந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது. பிரிட்ஜுக்கு உரிமைக்காரியும் இருந்தாள்.

"இது என்ன குழாய்?" என்றாள் மர்ளியா.

"டிலக்‌ஷன்ட மாமிட கண் மருந்து. குளிர்ல வெக்கணுமாம். வெளிச்சம் படக்கூடாதாம்."

"சரி."

பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரு சொல்லோடு நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் போனது. எறும்பு ஒன்றும் அசையவில்லை. பேஸ்புக்கில் எறும்பு வளர்ப்பவர்களின் குழுவொன்றில் கேட்டேன்: 'இது தூக்கமா, மௌத்தா?' ஐந்து நிமிடத்தில் எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. அனுப்பிய ஆளின் பெயர் உறைபனி. படம் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை.

'தூக்கம்தான். ஆனா லேசான தூக்கம். உங்க குசினியில தண்ணி சொட்டுது. அந்தச் சத்தம் ராணிக்கு ஆகாது.'

சொட்டுவது உண்மை. மூன்று வருடமாகச் சொட்டுகிறது. எல்லார் வீட்டுக் குசினியும் சொட்டும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அன்றைக்கே பைப்புக்கு வொஷர் மாற்றினேன்.

அடுத்த கிழமை: 'பின்கதவு கிறீச்சிடுது.' எண்ணெய் விட்டேன். 'மணிக்கூடு சுவர்ல முட்டுது.' நிமிர்த்தி அடித்தேன். 'கழுவாத மீன்ட மணத்துக்கு ராணி முழிச்சிருவா.' பிறந்ததிலிருந்து தின்பதற்குத் தவிர மீனைத் தொட்டறியாத நான், வாளியோடு குந்தியிருந்து பாரை மீனுக்குச் செதில் சுரண்டினேன். குறட்டையும் ஆகாது என்றது. பாயை விறாந்தைக்கு மாற்றினேன்.

ஒவ்வொன்றாக அடங்க அடங்க வீடு ஊமையாகிக்கொண்டே வந்தது. களப்புத் தண்ணீர் மேலிருந்து வரும் வாடைக்காற்று ஜன்னலில் உரசுவதும் என் நெஞ்சு அடிப்பதும் மட்டும்தான் கேட்கும். குழாயைக் கண்ணுக்குக் கிட்ட பிடித்துப் பார்ப்பேன். சிவப்புக்குள்ளே ராணி நடுவில். நாற்பது தலையும் அவள் பக்கம். ஒரு கால்கூட ஆடாது. அதே மாதிரி அசையாமல் இந்த வீட்டில் இன்னுமொன்று இருந்து என்னைப் பார்க்கிறது என்று தோன்றும்.

"வீடு ஒரு மாதிரியா இல்லையா?" என்று மர்ளியாவிடம் கேட்டேன்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள், தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையை எடுக்காமல்.

போன செவ்வாய்க்கிழமை அவள் மாம்புரியில் கூடப்பிறந்த தாத்தா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். நான் தனியே. லுஹர் தொழுதுவிட்டு வந்து பிரிட்ஜைத் திறந்தேன். போன் அதிர்ந்தது.

'நீலச் சாரனோட நிண்டு வேடிக்கை பாக்காதீங்க. குளிர் போகுது.'

குனிந்து பார்த்தேன். நீலச் சாரன்.

ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. போனில் அடித்தேன்: 'நீங்க யாரு?'

'ராணிட ஆள்.'

'எங்க இருக்கீங்க?'

ஒரு சொல் வந்தது. 'கிட்ட.'

எனக்கு எறும்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 'நீங்களே கொண்டு போயிருங்க,' என்று எழுதினேன்.

'சரி. குழாய எடுத்துக்கொண்டு முன்வாசலால வாங்க. திரும்பிப் பாக்காதீங்க.'

வந்தேன். களப்புப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. தெருவில் ஒரு சனம் இல்லை. 'வலது பக்கம். முருங்கை மரத்தடி.' போனேன். 'கிணத்தச் சுத்தி வாங்க.' சுற்றினேன். 'சேறு. செருப்பக் கழட்டுங்க.' கழற்றினேன். 'நாலு எட்டு. நில்லுங்க. இனி நிமிந்து பாருங்க.'

எங்கள் பின்கதவுப் படி. படியில் மர்ளியா. மடியில் போன்.

"தாங்க," என்று கையை நீட்டினாள்.

கொடுத்தேன். "எப்ப இருந்து தெரியும்?"

"அண்டைக்கேதான். கண் மருந்துக்குக் கால் இருந்திச்சி. பொறகு பேஸ்புக்குல நீங்க கேட்டதும் என்ட கண்ணுல பட்டிச்சி."

"என்னட்ட நேர சொல்லியிருக்கலாமே."

"பைப்பப் பத்தி மூணு வருசமா நேரதானே சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "ஊர் பேர் தெரியாத ஆள் ஒருக்காச் சொன்னதும் செஞ்சீங்க."

அவள் எழுந்து, குழாயைப் பத்திரமாகப் பிரிட்ஜுக்குள் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"பாவம், இதுகள் சாகக்கூடாது. இன்னும் ஆறு கிழம பனிக்காலம் இருக்கு. அதுக்குள்ள குசினிச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சிருங்க."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. "பெயின்ட் மணம் ராணிக்கு ஆகாதே, மர்ளியா."

"எனக்கு ஒண்டும் செய்யாது," என்றாள்.