தொட்டிக்குள் மண்சரிவு

ஊட்டி ரோட்டில் மண் சரிந்தால் ஜே.சி.பி. வரும், தாசில்தார் வருவார், டி.வி.க்காரர்கள் வருவார்கள். மீன் தொட்டிக்குள் மலை சரிந்தால் யார் வருவார்கள்? புருஷனைத்தான் கூப்பிட வேண்டும்.

"ஏனுங்க! கொஞ்சம் ஓடி வாங்க!"

ஸ்ரீநிவாசன் நடந்துதான் வந்தார். குன்னூர்க் குளிரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்வையை விட்டு எழுந்து வந்ததே பெரிய விஷயம். மாலதி முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். கலங்கிய தண்ணீரில் கற்கள் சிதறிக் கிடந்தன. மீன்களெல்லாம் பயந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"பாசியைத் தொடைச்சனுங்க. ஒரு கல்லை லேசா நகத்துனேன். அத்தனையும் வந்துருச்சு."

கனடாவுக்குக் கிளம்புவதற்கு முன் மகன் அஜய் உட்கார்ந்து ஒட்டிய மலை அது. ஓடையில் பொறுக்கிய கற்களை ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் மீன்கள் புகுந்து போக ஒரு வளைவும் வைத்திருந்தான். ஞாயிறு சாயந்திரமானால் வீடியோவில் கூப்பிடுவான். "சாப்டியாம்மா?" என்பான். அடுத்த கேள்வி, "மீனைக் காட்டும்மா."

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் மாலதியேதான். அவன் போன புதிதில் ஒருநாள் அவன் முகத்தைப் பார்த்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நான் வேணா திரும்பி வந்துடவாம்மா?" என்று அவன் குரலும் உடைந்தது. பதறிப்போய், "இந்தா, உன் மீனைப் பாரு" என்று கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டாள். அதற்கப்புறம் முகத்தைக் காட்டவே இல்லை. காட்டினால் அழுகை வரும், அவன் படிப்பைப் போட்டுவிட்டு வந்து நிற்பான்.

அவனும் அம்மாவைக் காட்டு என்று கேட்கவில்லை. "ஃபோனை நெஞ்சுக்கு நேரா இறக்கிப் பிடிம்மா, தொட்டி லைட்டை அணைச்சிரு, மீனுக்குக் கண்ணு கூசும்" என்பான். பத்து மாதம் சுமந்தவள் மேல் இல்லாத அக்கறை மீனின் கண் மேல்! மாலதிக்கு அந்த மீன்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் அதுகள் இல்லாவிட்டால் அவன் கூப்பிடுவானோ மாட்டானோ என்ற பயத்தில், அதுகளை ராஜாவீட்டுப் பிள்ளைகளாக வளர்த்தாள்.

"சாயந்திரம் கூப்புடுவானுங்க. மலை இல்லீன்னா என்ன சொல்றது?"

"இதுக்கா இவ்வளவு? ஒட்டிட்டாப் போச்சு."

ஸ்ரீநிவாசனுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. மலையைப் பெயர்ப்பதற்கு அவரிடம் யோசனை கேட்கலாம். ஒட்டுவதற்குக் கேட்டிருக்கக் கூடாது. செருப்பு ஒட்டும் பசையை எடுத்துவந்து, பேப்பரை விரித்து, ஈரக் கற்களை அடுக்கிப் பசையைப் பிழிந்தார். கல்லோடு கல் ஒட்டவில்லை, பேப்பர் ஒட்டிக்கொண்டது.

"மகர ராசிக்குப் பொறுமை வேணுமாம்" என்று கல்லைத் திருப்பிப் படித்தார்.

"உங்க ராசி எனக்குத் தெரியாதாக்கும்" என்று மாலதி மீன்கடை ஆறுக்குட்டிக்கு ஃபோன் போட்டாள்.

"கல்லை நல்லாக் காய வைங்கக்கா. உடனே ஒட்டற பசை இருக்குல்ல, அதை வெச்சு, நடுவுல துளியூண்டு பஞ்சைத் திணிங்க. சட்டுனு இறுகிரும்" என்றான் ஆறுக்குட்டி.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடே தெரியாத அளவுக்கு மூடுபனி. இதில் எங்கே காய வைப்பது? மாலதி அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, சின்னத் தீயில் மலையைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சு வந்தது. பசையை ஸ்ரீநிவாசன் கடைக்குப் போய் வாங்கி வந்தார். கல் சுட்டதால் மாலதி நீலக் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பஞ்சு பட்டால் இறுகும் பசை கம்பளியைச் சும்மா விடுமா? கல்லும் கல்லும் ஒட்டிய அதே நேரத்தில் கையுறையிலிருந்து புகை வந்தது.

"ஐயோ, சுடுதுங்க!"

கையை உருவிக்கொண்டாள். கையுறை வரவில்லை. ஸ்ரீநிவாசன் கத்திரிக்கோலால் வெட்டி வெட்டி எடுத்தார். கட்டைவிரல் மட்டும் வரமாட்டேன் என்று மலையுச்சியில் நிமிர்ந்து நின்றது.

"பாரேன், சூப்பர்னு சொல்லுது."

"வாயை மூடிட்டு உள்ள வைங்க!"

உள்ளே வைத்ததும் மலை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. பின்பக்கம் கையை விட்டு அவர் தாங்கிப் பிடித்த நேரத்தில் ஃபோன் அடித்தது.

"எடுக்காதே!"

"எடுக்கலீன்னா பயந்துக்குவானுங்க. நீங்க கையை எடுத்துறாதீங்க!"

"தண்ணி ஐஸா இருக்கு மாலதி!"

அஜய் தெரிந்தான். பின்னால் அவனுடைய அறைத்தோழன், பொள்ளாச்சிக்காரப் பையன் கமலேஷ், ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"சாப்டியாம்மா? மீனைக் காட்டு. லைட்டை அணைச்சிரு."

நல்லவேளை என்று தொட்டி லைட்டை அணைத்தாள். ஃபோனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். அவன் வழக்கம்போலப் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அழகா இருக்கும்மா" என்றான்.

ஸ்ரீநிவாசனுக்கு விறைத்துப்போய்க் கை நழுவியது. மலை தொப்பென்று விழுந்தது. தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் நனைந்தது. நீலக் கட்டைவிரல் தனியாகப் பிய்ந்து மேலே மிதந்தது.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு" என்றான் அஜய்.

மாலதிக்குப் பொறுக்கவில்லை. மலை விழுந்ததுகூடத் தெரியாமல் மீன் இளைத்ததைப் பார்க்கிறானே!

"மீனு எளைச்சது தெரியுது, பெத்தவ எளைச்சது தெரியல! மலையை நாந்தான்டா ஒடைச்சுப் போட்டேன். காலையிலிருந்து இன்னும் பச்சைத்தண்ணி குடிக்கல. உன் சட்டையைப் பீரோவில இருந்து எடுத்து எடுத்து மோந்து பார்த்துட்டு வெக்கறேன். நீ ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, உன்னைக் காட்டும்மான்னு கேட்டிருக்கியாடா?"

அஜய் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனான். ஃபோன் கமலேஷ் கைக்கு வந்தது. அவன் வாயிலிருந்த ரொட்டியை அவசரமாக விழுங்கினான்.

"அம்மா, அவன் என்னைக்குங்க மீனைப் பார்த்தான்? லைட்டை அணைச்சாத்தானுங்க அந்தக் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியும்!"